மலையில் ஓடியது, சேலத்தில் நின்றது

போன மே மாதம் ஒரு சாயங்காலம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். நாகலூர் பக்கம் ஒரு மலைக்கிராமம் அவளுக்கு. கையில் துணிப்பை, பைக்குள் ஒரு லேப்டாப். மூடியில் இருந்த முதலமைச்சர் படம் பாதி தேய்ந்து போயிருந்தது. பார்த்தவுடனே அடையாளம் தெரிந்துவிட்டது. 2011-ல் அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி. அதை வாங்கிய முதல் வருடத்துப் பிள்ளைகளில் அவளும் ஒருத்தி.

"சார், இது மலையில இருக்கறப்ப நல்லா ஓடுது. தம்பி சேலத்துல ரூம் எடுத்துப் படிக்கிறான். அங்க கொண்டு போனா பத்து நிமிஷத்துல தானா அணைஞ்சுடுது. கடையில காட்டினா, பதிமூணு வருஷ மெஷின், தூக்கிப் போடுங்கன்னு சொல்லிட்டாங்க."

தம்பி குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். தேர்வு ஜூலை 12. புதிய லேப்டாப் வாங்க அவர்களிடம் பணம் இல்லை. அவளுடைய வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். இவள் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கை இதே லேப்டாப்பில்தான் எழுதி வைத்திருந்தாள்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. வரலாறு சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன். இருந்தாலும் அவள் சொன்னதில் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. மலையில் ஓடுகிறது, கீழே நின்றுவிடுகிறது. இது ஏற்காட்டின் கதையேதான் என்று தோன்றியது.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்கு வந்து காப்பி நட்டார் என்பதை நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். காப்பி ஒரு காரணம். இன்னொரு காரணம், சேலத்து வெயில். கோடை வந்தால் துரைமார்களின் உடம்பு கீழே வேலை செய்யாது. குதிரையிலும் பல்லக்கிலும் மேலே ஏறி வந்தார்கள். பங்களா கட்டினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், மே மாதம் முழுக்க இங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள். வெயிலைச் சமாளிக்க அவர்கள் கண்டுபிடித்த வழி, இடத்தை மாற்றுவது. வசதி உள்ளவனுக்கு அது சுலபம். கீழே கல் உடைத்தவனும் தறி நெய்தவனும் அங்கேயேதான் இருந்தார்கள்.

கம்ப்யூட்டர்களுக்கும் ஆரம்பத்தில் துரைமார் மரியாதைதான். 1946-ல் அமெரிக்காவில் இயங்கத் தொடங்கிய எனியாக் எந்திரத்தில் ஏறக்குறைய 18,000 வால்வுகள். அது இழுத்த மின்சாரம் 150 கிலோவாட். அவ்வளவும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும் என்பதால், அதைக் குளிர வைக்கத் தனியாக ஊதுகாற்று எந்திரங்கள் வைத்தார்கள். நம் பக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல் ஐ.பி.எம். 370/155 வந்தது. ஒரு பெரிய கூடத்தில் குளிரூட்டி வைத்து அதைப் பாதுகாத்தார்கள். நம்மில் பலருக்கு 1980-களும் 90-களும் நினைவிருக்கும். வங்கியிலோ, எல்.ஐ.சி.யிலோ, பள்ளிக்கூடத்திலோ, அந்தக் கட்டடத்திலேயே ஏ.சி. வைத்த ஒரே அறை கம்ப்யூட்டர் அறைதான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கோவிலுக்குள் போவது போல நுழைந்தோம்.

பிறகு அந்த எந்திரம் சின்னதாகி, மடியில் உட்கார்ந்து, ஓட்டு வீட்டுக்கும் தகர ஷீட் போட்ட அறைக்கும் வந்தது. ஏ.சி. மட்டும் கூட வரவில்லை. அதற்குப் பதிலாக உள்ளே ஒரு சின்னக் காற்றாடியை வைத்து அனுப்பினார்கள்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் ஆண்டுக்கு 9.12 லட்சம் மடிக்கணினிகள், 912 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். ஐந்து ஆண்டுகளில் 68 லட்சம் மாணவர்களுக்குக் கொடுப்பது நோக்கம். கொள்முதல் செய்தது எல்காட். அட்டைப் பெட்டிகளை ஏற்றிய லாரி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்து நின்ற நாள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வகுப்பு வாரியாகப் பெயர் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கும் வேலையை என்னிடம் கொடுத்திருந்தார்கள். தோட்டத்தில் காப்பிப்பழம் பறிப்பவர்களின் பிள்ளைகள், வீட்டில் டி.வி. கூட இல்லாதவர்கள், பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்கள். தேர்தலுக்காகக் கொடுத்தது என்று அப்போது பேசியவர்களில் நானும் உண்டு. ஆனாலும் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த பிறகு அப்படிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அந்த லேப்டாப்தான் இப்போது என் மேஜை மேல் இருந்தது.

ஏற்காடு டவுனில் மிக்சியும் டி.வி.யும் பழுது பார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டேன். முதலில் அவர் எந்திரத்தை ஓட விட்டு, உள்ளே இருக்கும் சிப்பின் வெப்பத்தைக் காட்டும் ஒரு சின்ன மென்பொருளைப் போட்டார். என் அறையில் 23 டிகிரி. சிப் 88 டிகிரி காட்டியது.

"சார், கணக்கு சுலபம். அறையைவிட 65 டிகிரி மேல போகுது. சேலத்துல ரூம் 38 இருந்தா இது 103 ஆகணும். நூறைத் தாண்டினா எரிஞ்சு போகாம இருக்க அதுவே அணைஞ்சுக்கும்."

புதிர் விடுபட்டுவிட்டது. மலையின் பதினைந்து டிகிரிதான் இத்தனை நாள் அந்த எந்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நோய் இரண்டு இடத்திலும் ஒன்றே. இங்கே குளிர் அதை மூடி மறைத்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். இவ்வளவு உயரத்தில் காற்று ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு மெலிந்துவிடும். அதே காற்றாடி, அதே வேகத்தில் சுற்றினாலும், அள்ளித் தள்ளும் காற்று இங்கே கொஞ்சம் குறைவு. ஆனால் மெலிந்த காற்றால் வரும் நஷ்டத்தைவிடக் குளிர்ந்த காற்றால் வரும் லாபம் அதிகம்.

அடிமூடியைத் திருகு கழற்றித் திறந்தோம். பதினோரு திருகு. ஒன்று உருண்டு ஓடி இன்று வரை கிடைக்கவில்லை. உள்ளே காற்றாடிக்கும், காற்று வெளியேறும் தகட்டுச் சீப்புக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ கம்பளித் துணி போலப் படிந்திருந்தது. தூசி, தலைமுடி, போர்வை நூல், பூச்சி இறகு. பதிமூன்று வருடத்துச் சேமிப்பு. இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரே பாயாக வந்தது. மூச்சுக்குழல் முழுக்க அடைத்துக்கொண்ட ஆளை ஓடச் சொன்னால் எப்படி ஓடுவான்?

அங்கே தட்டையான ஒரு செம்புக் குழாயையும் பார்த்தேன். "இதுக்குள்ள தண்ணி இருக்கு சார்" என்றார் மெக்கானிக். நான் நம்பவில்லை. பிறகு படித்துப் பார்த்தால் உண்மைதான். குழாய்க்குள் காற்றை எடுத்துவிட்டு, சில சொட்டுத் தண்ணீரை வைத்து மூடியிருக்கிறார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஏற்காட்டுக்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது சுலபம். நம் ஊரில் குக்கர் இல்லாமல் பருப்பு வேக ஏன் நேரமாகிறது? மேலே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் சூடு ஏறாது. அழுத்தத்தை இன்னும் குறைத்துக்கொண்டே போனால் தண்ணீர் வெதுவெதுப்பிலேயே கொதிக்கும். அந்தக் குழாய்க்குள் நடப்பது அதுதான். சிப் இருக்கும் முனையில் தண்ணீர் ஆவியாகிச் சூட்டை எடுத்துக்கொண்டு ஓடும். காற்றாடி இருக்கும் முனையில் குளிர்ந்து தண்ணீராகும். குழாயின் உள்சுவரில் திரி போல ஒரு அமைப்பு இருக்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல அதன் வழியாகத் தண்ணீர் திரும்பி வந்துவிடும். 1940-களில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் காக்லர் என்ற பொறியாளர் இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைத் தனியாகக் கண்டுபிடித்துச் செய்து காட்டிய பிறகு விண்வெளிக் கலங்களுக்குப் போயிற்று. அங்கிருந்து சுற்றி வளைத்து நாகலூருக்கும் வந்திருக்கிறது.

குழாயின் முனையில் மெல்லிய அலுமினியத் தகடுகள். அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது எனக்கு வேறொரு நினைவு வந்தது. சேர்வராயன் மலையின் உச்சித் தட்டுகளில் செம்மண்ணாகக் கிடப்பது பாக்சைட். அலுமினியத்தின் தாது. 1960-களில் மேட்டூரில் மால்கோ ஆலை வந்த பிறகு, நம் மலையை வெட்டி லாரி லாரியாக ஏற்றிக் கீழே கொண்டு போனார்கள். ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய நான்கு டன் பாக்சைட் வேண்டும். மின்சாரமோ பதினாலாயிரம் யூனிட்டுக்குக் குறையாது. வெட்டிய இடங்கள் சிவந்த புண் போலக் கிடந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

இந்தத் தகடு நம் மலை மண்ணில் வந்தது என்று சொல்ல வரவில்லை. எங்கோ ஒரு மலை. அங்கேயும் ஒரு நாகலூர் இருந்திருக்கும். "தூக்கிப் போடுங்க" என்று கடைக்காரர் சொன்னபோது அவர் தூக்கிப் போடச் சொன்னது எதை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மேற்கொண்டு செய்த வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடக்கலாம்.

சீப்பையும் காற்றாடியையும் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் சுத்தம் செய்தோம். காற்று அடிக்கும்போது இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டுமாம், இல்லாவிட்டால் அச்சு கெட்டுவிடும். சிப்புக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே பூசியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பு போல உதிர்ந்தது. ஸ்பிரிட்டில் துடைத்து எடுத்துவிட்டுப் புதுப் பசை ஒரு அரிசி அளவு வைத்தோம். பார்வைக்கு வழவழப்பாக இருக்கும் இரண்டு உலோகத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று நிற்கும். சூடு அதைத் தாண்டாது. பள்ளத்தை நிரப்புவதுதான் பசையின் வேலை. இட்லித் தட்டில் எண்ணெய் தடவுவது போல மெல்லிசாக இருந்தால் போதும், அதிகமானால் கெடுதல்.

அடுத்தது கொஞ்சம் துணிச்சலான வேலை. அடிமூடியில் காற்றாடிக்கு நேராக நாலே நாலு கீற்றுதான் இருந்தது. மெக்கானிக் தம்பி அங்கே வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, ஜன்னலுக்குப் போடும் கொசு வலைக் கம்பியை உள்பக்கமாக ஒட்டினார். பின்பக்கம் இரண்டு மூலையிலும் சில்வர் ஓக் மரத்தில் ஒரு அங்குலக் கால் வைத்து ஒட்டியதும், அடியில் காற்று புக இடம் கிடைத்தது. தம்பி சேலத்தில் அதைத் தலையணை மேல் வைத்துப் படித்திருக்கிறான். இருக்கிற நாலு கீற்றையும் தலையணை அடைத்துக்கொண்டிருக்கிறது.

பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. போட்டோம். அது சூடும் குறைவு, வேகமும் அதிகம். 2 ஜி.பி. நினைவகத்தோடு இன்னொரு பழைய 4 ஜி.பி. துண்டைச் சேர்த்தோம். கூலியோடு மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம்.

இனிதான் கதையின் அடுத்த பாதி. எனக்குக் கொஞ்சம் கசப்பான பாதி.

உடம்பு குளிர்ந்துவிட்டது. ஆனால் உள்ளே இருந்த விண்டோஸ் 7-க்கு ஆயுள் முடிந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. மைக்ரோசாஃப்ட் 2009 அக்டோபரில் அதை வெளியிட்டு, 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. 2023 பிப்ரவரியில் குரோம் உலாவியும் தன் புதிய பதிப்புகளை விண்டோஸ் 7-க்குத் தருவதை நிறுத்தியது. அதனால்தான் அந்தப் பையனுக்குப் பல தளங்கள் திறக்கவில்லை. எந்திரத்தில் எதுவும் தேயவில்லை. எங்கோ ஒரு நாட்காட்டியில் தேதி மட்டும் மாறியிருக்கிறது. விண்டோஸ் 10-ஐ ஏற்றலாம் என்றால் அதற்கும் அக்டோபர் 14-ல் முடிவு என்று அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11 இந்த மாதிரிப் பழைய சிப்புகளை ஏற்றுக்கொள்வதாக இல்லை.

என்ன செய்யலாம் என்று யோசித்தபடி லேப்டாப்பை மறுபடி ஆன் செய்தோம். அது தொடங்கும்போது கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வந்தது. ஒரு வரி விண்டோஸ். இன்னொரு வரி பாஸ் லினக்ஸ்.

அந்த இரண்டாவது வரியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது.

பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. முதல் பதிப்பு 2007-ல் வந்தது. 1993-ல் அமெரிக்க மாணவர் இயான் முர்டாக் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேலை செய்யும்படி அமைத்தார்கள். விலை கிடையாது. உள்ளே எழுதியிருப்பதை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம்.

அதே காலத்தில் எல்காட்டும் லினக்ஸ் பக்கம் திரும்பியிருந்தது. 2006-க்குப் பிறகு சி. உமாசங்கர் அதன் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், அலுவலகக் கணினிகளை விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு மாற்றினார்கள். அந்தப் பின்னணியில்தான் 2011-ல் விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸ், பாஸ் இரண்டையும் வைத்துக் கொடுத்தார்கள். ஒன்று தேதி போட்ட சரக்கு. மற்றது நாமே புதுப்பித்துக்கொள்ளக் கூடியது. இரண்டையும் ஒரே பெட்டியில் ஏழைப் பிள்ளைகள் கையில் கொடுத்த மாநிலம் நம்முடையது.

நான் அவளிடம் கேட்டேன். "இந்த ரெண்டாவது வரியை எப்பவாவது திறந்து பார்த்திருக்கியா கண்ணு?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "இல்லீங்க சார். நீங்கதான் அதைத் தொடக்கூடாதுன்னு சொன்னீங்க. தொட்டா மெஷின் கெட்டுடும்னு."

உண்மை. சொன்னேன். பெட்டியைக் கொடுத்த அன்று, மைக்கைப் பிடித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் சொன்னேன். பாஸ் என்றால் என்னவென்று எனக்கு அன்று தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கம். அதனால் தொடாதே என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் செய்யக்கூடிய பெரிய தப்பு அதுதான். தனக்குத் தெரியாததை ஆபத்தானது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது.

அந்த வருடம் என்னிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர்! 2020-ல் பள்ளிக்கூடங்களை மூடி, பாடம் எல்லாம் திரைக்குப் போனபோது, அவர்கள் வீட்டில் தம்பி தங்கைகள் இருந்திருப்பார்கள். பரணில் ஒரு லேப்டாப்பும் இருந்திருக்கும். மெதுவாகிவிட்டது, சூடாகிறது, தளம் திறக்கவில்லை என்று ஒதுக்கி வைத்த எந்திரம். இரண்டாவது வரியைத் திறக்கத் தெரிந்திருந்தால் அதில் எத்தனை ஓடியிருக்கும் என்று கணக்குப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

அதில் இருந்த பாஸ் பதிமூன்று வருடம் புதுப்பிக்காமல் கிடந்ததால் அதுவும் பழசாகிவிட்டது. அதனால் அதன் தாயான டெபியனையே நேராக ஏற்றுவது என்று முடிவு செய்தோம். அப்போதைய பதிப்பு 12. அதோடு எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற எடை குறைந்த முகப்பு. மெக்கானிக் தம்பிக்கே இது புதிது. யூடியூபில் தமிழில் ஒருவர் சொல்லித் தருவதைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, இரண்டு நாள் உட்கார்ந்து செய்தோம்.

ஏற்றுவதற்கு முன்னால் பழைய டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் பென் டிரைவில் எடுத்து வைக்கச் சொன்னேன். டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. சுயஉதவிக் குழுக் கணக்கு, சான்றிதழ்களின் நகல், பாட்டு, பிறகு படங்கள். முதல் படம், லேப்டாப் வீட்டுக்கு வந்த அன்று அதன் கேமராவிலேயே எடுத்தது. அவளுடைய அப்பா, தோட்டத்து வேலை முடிந்து வந்த சட்டையோடு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கேமராவுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் தவறி ஆறு வருடம் ஆகிறது. "எங்ககிட்ட அப்பா போட்டோ வேற நல்லதா இல்ல சார்" என்றாள். அந்த ஒரு படத்தை மூன்று இடத்தில் எழுதி வைத்த பிறகுதான் மற்றதைத் தொட்டோம்.

மூன்றாம் நாள் லேப்டாப் திறந்தது. ஆன் செய்தால் அரை நிமிடத்துக்குள் தயார். தமிழ் 99 விசைப்பலகையை அமைத்துக் கொடுத்தேன். அதுவாவது எனக்குத் தெரிந்த வேலை. என் அறையில் வெப்பம் 59 டிகிரி. சோதனைக்காகத் தம்பி அதைச் சேலத்துக்கு எடுத்துப் போய், மத்தியானம் 38 டிகிரி அறையில் இரண்டு மணி நேரம் மாதிரித் தேர்வு எழுதினான். போனில் சொன்னான். "சார், 74-ஐத் தாண்டல."

அறை வெப்பத்தைக் கழித்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஏறத்தாழ 36 டிகிரிதான் மேலே போகிறது. முன்பு 65. மலைக்கும் சமவெளிக்கும் இப்போது வித்தியாசம் இல்லை. துரைமார் மாதிரி மேலே ஏறி வந்து தப்பிக்க வேண்டிய அவசியம் அதற்கு இனி இல்லை.

இரண்டு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். அடியில் வெட்டிய ஜன்னல் நம் ஊருக்கு முழுதும் பொருந்தாது. மூடுபனி நாளில் ஈரம் உள்ளே போகும். அதனால் ஓடாத நேரத்தில் துணியில் சுற்றி, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் காய்ந்த இடத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று, லினக்ஸில் எல்லாமே நடந்துவிடாது. விண்டோஸுக்கு என்றே எழுதிய சில மென்பொருள்கள் ஓடவில்லை. பழைய பிரின்டர் ஒன்று கடைசி வரை பேச மறுத்துவிட்டது.

குரூப் 4-ல் தம்பிக்கு இந்த முறை கை கூடவில்லை. கதையாக இருந்தால் தேறியிருப்பான். அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான், அதே லேப்டாப்பில். ஆகஸ்டில் டெபியன் 13 வெளியாயிற்று. நாங்கள் யாரும் சொல்லாமலே அவனாக அதற்கு மாற்றிக்கொண்டான். 2011-ல் அரசு கொடுத்த எந்திரத்தில் 2025-ன் புத்தம் புதிய மென்பொருள். ஒரு பைசா செலவில்லை.

விண்டோஸ் 10-க்குச் சொன்னபடியே அக்டோபர் 14-ல் கதவை மூடிவிட்டார்கள். திட்டத்தின் பிந்தைய வருடங்களில் வாங்கிய லேப்டாப்புகளும் இனி மெல்ல மெல்லக் கடைகளுக்கு வரும். கடைகளில் அதே பதில் கிடைக்கும். இன்னொரு பக்கம், 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அரசு அறிவித்திருக்கிறது. நல்ல காரியம். யார் கொடுத்தாலும் நல்ல காரியம்தான். ஆனால் கொடுக்கும் அன்று மைக்கைப் பிடிக்கும் வாத்தியாருக்கு என்ன சொல்லிக் கொடுத்து அனுப்பப் போகிறார்கள் என்பதுதான் என் கவலை. எதைத் தொடக் கூடாது என்பதையா, எப்படித் திறப்பது என்பதையா?

என் பங்குக்கு ஒரு சின்னப் பிராயச்சித்தம். அந்த வருடத்துப் பிள்ளைகளில் போன் நம்பர் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பியிருக்கிறேன், பரணில் இருப்பதை எடுத்து வாருங்கள் என்று. இதுவரை ஏழு லேப்டாப் வந்திருக்கிறது. இரண்டு தேறவில்லை, தண்ணீர் புகுந்து பச்சை பூத்துவிட்டது. ஐந்து ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் திண்ணையில் மெக்கானிக் தம்பியும் நானும் உட்கார்ந்திருப்போம். பெயின்ட் பிரஷ், ஸ்பிரிட், அரிசி அளவு பசை எல்லாம் தயார். பசையும் எஸ்.எஸ்.டி.யும் அவரவர் காசு. தொலைந்துபோன அந்தத் திருகுக்கு மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.